நான்கு விரற்கடை வித்தியாசம்

வாரியம் ஒன்றை அமைத்துவிட்டால் புல் தானாக முளைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில், ஒரே நேரத்தில், சம்பளத்தோடு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பெயர் உயர்மலைப் புல்வெளி மற்றும் மகிழ்வுக் குதிரைச் சவாரி மேம்பாட்டு வாரியம். இந்தப் பெயரை ஒருவர் மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குதிரை ஒரு வாய் புல்லைக் கடித்து விழுங்கிவிடும். மலைமேல் அப்படி நாற்பது குதிரைகள் இருந்தன.

வாரியத்தில் புல் அளக்கிற உத்தியோகம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தவரை எல்லாரும் முழக்கோலார் என்றே கூப்பிட்டார்கள். விரற்கடைக்கு ஒரு கோடு வெட்டிய கோல் ஒன்று இருபத்திரண்டு வருஷமாக அவர் கையிலேயே இருந்ததால் சொந்தப் பெயர் எங்கோ விழுந்துபோயிற்று. அவரும் தேடவில்லை. சாதுவான மனிதர். படிவத்தில் கட்டம் போட்டிருந்தால் அதை நிரப்ப வேண்டும், விதி போட்டிருந்தால் அதன்படி நடப்பார்கள் என்று நினைக்கிற ரகம். இப்படி ஒருத்தர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அவரை வைத்துத்தான் மற்றவர்கள் காலம் தள்ளுவார்கள்.

மலைமேல் ஆயிரம் ஏக்கருக்குப் பரந்து கிடந்த புல்வெளியின் நடுவே, நடந்து அளந்தால் ஆறு எட்டுக்கு ஆறு எட்டு வரும் ஒரு சதுரத்தை மரக்கம்பமும் கம்பியும் வைத்து அடைத்திருந்தார்கள். குதிரை அதற்குள் நுழைய முடியாது. வேலிக்குள் புல் எவ்வளவு உயரம், வெளியே எவ்வளவு உயரம், இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று வருஷா வருஷம் அளந்து படிவம் ஒன்பதில் எழுத வேண்டும். வித்தியாசம் நான்கு விரற்கடையைத் தாண்டினால் புல்வெளியை ஒரு வருஷம் மூடிவிட வேண்டும் என்பது விதி. வாரியம் ஆரம்பித்த புதிதில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்தது. புண்ணியவான் வாரியத்தில் அதிக நாள் இருக்கவில்லை.

முன்பெல்லாம் வித்தியாசம் இரண்டு, இரண்டரை என்று வரும். பனி உருகி, நிலம் காய்ந்த பிறகுதான் குதிரைகள் மேலே ஏறும். பிறகு வாரியம் சவாரிப் பருவத்தை முன்னால் இழுத்தது, பின்னாலும் இழுத்தது. ஈரம் காயாத மண்ணில் குளம்புகள் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கின. ராத்திரி முழுக்கக் கட்டாமல் விட்ட குதிரைகள் தண்டைத் தின்று, குருத்தைத் தின்று, கடைசியில் வேரையும் பிடுங்கித் தின்றன. மண் சிமெண்டுத் தரைபோல இறுகிப்போனது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடி, போகிற போக்கில் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

இதெல்லாம் முழக்கோலாருக்குப் படிவத்தின் மூலம் தெரியும். அவர் மனைவிக்கு வாளியின் மூலம் தெரியும்.

புல்வெளியின் கீழ்ச்சரிவில், ஊற்றுக்குச் சற்றுக் கீழே இருந்தது அவர்கள் வீடு. ஊற்றிலிருந்து ஓர் இரும்புக் குழாய் சமையலறை வாசல்வரை வரும். அந்த அம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில் நாற்பது எண்ணுவதற்குள் வாளி நிறையும். இந்த வருஷம் முழக்கோலார் கோலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் குழாயடியில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"நூத்தி எண்பத்தி நாலு," என்றாள்.

"போன வாரம்?"

"நூத்தி எழுபத்தி ஒம்பது. சொல்லிட்டேன், முந்நூறு ஆச்சுன்னா அப்புறம் எண்ண மாட்டேன். பெட்டியக் கட்டிடுவேன்."

பெட்டியைக் கட்டினால் போவதற்கு ஓர் இடம் இருந்தது. கீழே நகரத்தில் அவள் தங்கை வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. கட்டிலைப் போட்டால் கதவு மூடாது. கதவை மூட வேண்டுமென்றால் ஒருத்தர் வெளியே நிற்க வேண்டும். அந்த ஒருத்தர் தாம்தான் என்று முழக்கோலாருக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. "இந்தத் தடவை மூடித்தான் ஆகணும். உள்ள முப்பத்தோரு விரற்கடை, வெளிய ஒண்ணுமே இல்ல. நாலுக்கு மேல போனா மூடணும்னு விதியிலேயே இருக்கு. ஒரு வருஷம் குதிரைங்க காலு படாம இருந்தா வேலிக்குள்ள இருக்கற விதை பறந்து போய் விழும். புல்லு வந்தா தண்ணி வந்துடும்."

"விதியில இருக்கு, விதியில இருக்குன்னு நீங்களும் இருபத்திரண்டு வருஷமாச் சொல்றீங்க," என்றாள் அவள். "போய்ட்டு வாங்க. குடைய மறந்துடாதீங்க."

வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் தரையெல்லாம் பச்சைக் கம்பளம். மிதித்தால் கால் புதையும். மிதித்த இடம் ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்துகொள்ளும். முழக்கோலார் கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துவிட்டு, அளவைப் பிரிவு மேலாளர் அறைக்குள் போனார். மேலாளர் படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெளிய பூஜ்யம்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா."

"புல்லு இல்லன்னா எதை அளந்தீங்க?"

"புல்லு இல்லாததைத்தாங்க ஐயா."

"இல்லாததை அளக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கா?" மேலாளர் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற மாணவனுக்குச் சொல்வதுபோல அன்பாகத்தான் சொன்னார். "உங்க உத்தியோகம் புல் அளவர். புல் இருந்தா அளக்கலாம். இல்லன்னா அது வேற பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கல."

முழக்கோலார் யோசித்துப் பார்த்தார். ஒரு பாறை இடுக்கில் குதிரையின் பல்லுக்கு எட்டாமல் அரை விரற்கடைப் புல்தட்டை ஒன்று நின்றது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னார். "அப்படிச் சொல்லுங்க! ஆயிரம் ஏக்கருக்கும் அரை விரற்கடை," என்று மேலாளர் தம் கையாலேயே திருத்தினார். வித்தியாசம் முப்பதரை. அதைப் பார்த்ததும் மேலாளர் முகம் மாறியது.

"நாலுக்கு மேல போயிருக்கே. இது பெரிய ஆபத்தாச்சே."

"ஆமாங்க ஐயா, ரொம்ப ஆபத்துங்க." முழக்கோலார் கோலை நிமிர்த்திப் பிடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மேலிடத்தில் ஒருத்தர் அவர் எண்ணைப் பார்த்துப் பதறியிருக்கிறார்.

பத்தாவது நாள் வாரியத் தலைவரே ஏழு பேர் குழுவோடு மலையேறி வந்தார். எல்லாரும் நகரத்துக் குதிரையில்தான் வந்தார்கள். தலைவர் ஏறுவதற்கு ஒரு மேடை, இறங்குவதற்கு ஒரு மேடை. இரண்டையும் இன்னும் இரண்டு குதிரைகள் சுமந்து வந்தன.

மலைமேல் இருந்த நாற்பது குதிரைகளுக்கும் பொறுப்பு லாயக்காரர். முழக்கோலார் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. ஒரு வருஷம் மூடினால் குதிரைகளைக் கீழே ஓட்டிக்கொண்டு போய் நல்ல மேய்ச்சலில் தேற்றிக்கொண்டு வருகிறேன் என்று நாலு தடவை எழுதிக் கொடுத்தவர் அவர். வாரியம் சம்மதிக்கவில்லை. காரணம், சவாரிக்கு வருகிற விருந்தினர்களுக்குக் கொடுக்கிற சீட்டில் 'மாலை நான்கு மணிக்குக் குதிரைகள் புல்மேயும் இயற்கைக் காட்சி' என்று அச்சடித்திருந்தது.

குழு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. லாயக்காரர் வழக்கம்போல முன்னாலேயே போய் வெறுந்தரையில் ஒரு கூடை தானியத்தைத் தூவிவிட்டு வந்திருந்தார். நாற்பது குதிரைகளும் தலையைக் குனிந்து மண்ணை முகர்ந்தன. விலா எலும்பு வெளியே தெரிந்தது. விருந்தினர்கள் மேட்டிலிருந்து படம் எடுத்தார்கள். புழுதி வந்ததால் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டார்கள். கீழிருந்து வந்த வைக்கோல் கட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வந்து, குதிரை தொடாத முள்செடி ஒன்று ஆங்காங்கே ஊதாப் பூ பூத்திருந்தது. அதைத்தான் வாரியம் 'மலர்ப் பருவம்' என்று விளம்பரம் செய்திருந்தது.

"பாருங்க மாப்பிள்ள," என்று லாயக்காரர் முழக்கோலாரின் காதருகே சொன்னார். "குதிரையோட குணம் தெரிஞ்சுதான் ஆண்டவன் அதுக்குக் கொம்பு குடுக்கலன்னு சொல்லுவாங்க. இவங்க குணம் தெரியாம யாரோ இவங்க கையில ஆபீஸ் முத்திரையக் குடுத்துட்டாங்க."

"சும்மா இருங்க மச்சான். விதிப்படி மூடத்தான் வந்திருக்காங்க."

தலைவர் ஆயிரம் ஏக்கரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு வேலியருகே வந்தார். உள்ளே முழங்காலுக்கு மேல் புல். பூவெல்லாம் உதிர்ந்து பச்சைக் கதிர் கட்டிய பருவம். காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. தலைவர் முகம் சுருங்கியது.

"நண்பர்களே, பிரச்சினை எங்கன்னு இப்ப எனக்குப் புரிஞ்சுடுச்சு," என்றார். "இவ்வளவு பெரிய புல்வெளி ஒரே சீரா இருக்கு. ஒரு ஒழுங்கு இருக்கு. எங்க பார்த்தாலும் அரை விரற்கடை. இந்த ஆறு எட்டு இடத்துல மட்டும் யாரோ புல்லை இஷ்டத்துக்கு வளர விட்டிருக்காங்க."

"ஐயா, அது வளரத்தான் வேலியே..." என்றார் முழக்கோலார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். வேலி போட்டதால இதுக்குத் தனிச் சலுகை. சலுகை குடுத்தா வித்தியாசம் வரத்தானே செய்யும்? உள்ள இருக்கற புல்லு ஒழுங்கா அரை விரற்கடையில நின்னிருந்தா இன்னைக்கு நாம எல்லாரும் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்." குழு ஆமோதித்தது. தலைவருக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது. "நான் இயற்கையை நேசிக்கறவன். என் அறையில நாலு புல்வெளிப் படம் மாட்டியிருக்கேன், எல்லாம் இந்த மலைதான், பழைய படம். அதனால மனசுல பட்டதைச் சொல்றேன். புல்வெளிய மூடினா, மூடினது வாரியம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். புல்லு போச்சுன்னா, அது தானாப் போச்சுன்னு சொல்லிக்கலாம். பொறுப்புள்ள ஒரு அமைப்பு எதைத் தேர்ந்தெடுக்கும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். முழக்கோலாரும் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். மூன்றாவது தட்டு நடுவில் நின்றது. அங்கேயே உத்தரவு எழுதப்பட்டது. வேலிக்குள் இருக்கும் புல்லை உடனடியாக அரை விரற்கடைக்கு வெட்டி, வித்தியாசத்தை நீக்க வேண்டும். வெட்ட வேண்டியவர், புல் அளவர்.

முழக்கோலார் மேலாளரின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடினார். "ஐயா, கதிர் இன்னும் பச்சையா இருக்கு. முத்த மூணு வாரம் ஆகும். இந்த மலையில மிச்சம் இருக்கற விதையே இவ்வளவுதாங்க. இதையும் வெட்டிட்டா அப்புறம் எதை வெச்சு முளைக்கும்?"

மேலாளர் சேணத்தில் இருந்தபடியே படிவம் ஒன்பதைப் புரட்டிப் பார்த்தார். நேர்மையான மனிதர், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்த்தார். "விதைக்குக் கட்டம் இல்லையே," என்றார் வருத்தத்தோடு.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான். அன்று சாயங்காலம் முழக்கோலார் வீட்டு வாசலில் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அழுதார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சதுரத்துக்குள் அவர் கோலைத்தான் நுழைத்திருக்கிறார், கையை வைத்ததில்லை. அளவர் புல்லைத் தொடக் கூடாது என்பதும் விதி.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"என்னங்க, இதுல எதால வெட்டணும்னு போடலையே."

"வெட்டணும்னா அரிவாளாலதான்."

"உங்களுக்கு அப்படித் தோணுது. அவங்களுக்கு என்ன தோணுதோ? கேக்காம வெட்டினா நாளைக்கு உங்க தலையில வந்து விடியும். எழுதிக் கேளுங்க. அரிவாளா கத்தரிக்கோலா? நின்னுக்கிட்டா குனிஞ்சா? நிலம் மேடும் பள்ளமுமா இருக்கே, அரை விரற்கடைய மேட்டுலேர்ந்து எடுக்கறதா, பள்ளத்துலேர்ந்தா? வெட்டின புல்லு யாரோட பொறுப்பு? எல்லாத்தையும் கேளுங்க. பணிவாக் கேளுங்க."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது அவங்கள ஏமாத்தற மாதிரி இல்லையா?"

"சந்தேகம் கேக்கறது ஏமாத்தறதா? மூணு வாரம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

முழக்கோலார் அந்தக் கடிதத்தை எழுதினார். அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கடிதம் போய்ச் சேர்ந்ததும் தலைமை அலுவலகத்தில் ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இவ்வளவு நல்ல கேள்விகள் அந்தக் கட்டடத்துக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கருவித் தேர்வுத் துணைக்குழு ஒன்று, குனிவு நிமிர்வுத் துணைக்குழு ஒன்று என்று போட்டார்கள். நின்றுகொண்டு வெட்டுவதா, குனிந்து வெட்டுவதா என்பதில் துணைக்குழுவுக்குள் பிளவு வந்து, அதை ஆராய இன்னொரு துணைக்குழு பிறந்தது. மேட்டிலிருந்து அரை விரற்கடையா, பள்ளத்திலிருந்தா என்ற கேள்விக்கு, பச்சைக் கம்பளத்தின் மேல் மேடும் பள்ளமுமாகப் புத்தகங்களை அடுக்கி, மேலே இன்னொரு கம்பளத்தை விரித்து, சீப்பால் வாரிப் பார்த்தார்கள் என்று அலுவலகத்துக் காவலாளி பிறகு சொன்னார்.

இங்கே மலைமேல் கதிர் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியது. முழக்கோலார் தினமும் காலையில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். நாற்பது குதிரைகளும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கும். அவரைப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடும். குழாயடியில் எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ஆயிற்று.

இருபத்தாறாம் நாள் மாலை பதில் வந்தது. முழக்கோலார் பிரித்துப் படித்தார். முதலில் பாராட்டு. இத்தகைய பொறுப்புணர்வுள்ள ஊழியரை வாரியம் இதுவரை கவனிக்காமல் இருந்ததற்கு வருத்தம். கேள்விகளின் நுட்பத்தைப் பரிசீலித்ததில், இவ்வளவு நுண்ணிய பணியை இரும்புக் கருவியிடம் ஒப்படைப்பது இயற்கைக்கு விரோதம் என்று முடிவாகியிருக்கிறது. ஆகவே இயற்கையான முறையில், ஒரே ஒரு குதிரையை வேலிக்குள் அனுமதித்து, இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் நீக்கப்படும். நாளை மாலை நான்கு மணிக்கு. விருந்தினர்கள் முன்னிலையில். அந்த நாள் இனி ஆண்டுதோறும் 'சமன் நாள்' என்று கொண்டாடப்படும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான். முழக்கோலார் கடிதத்தை மடிக்கக்கூட மறந்துபோய் நின்றார். மனைவி உள்ளே போய்த் தலையணை ஒன்றின் உறையை உருவிக்கொண்டு வந்தாள்.

"கதிர் முத்திடுச்சா?"

"மூணு நாளா உதிர ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப விடிஞ்சதும் போறோம்."

"அளவர் புல்லைத் தொடக் கூடாது."

"நீங்க தொடாதீங்க. உறையப் பிடிச்சுக்குங்க."

விடிந்ததும் மூவராகப் போனார்கள். லாயக்காரர் குதிரைகளை வேலியிலிருந்து தள்ளி ஓட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் கம்பிக்குள் நுழைந்து கதிரை அடியில் பிடித்து மேல்நோக்கி உருவினாள். விதை சலசலவென்று உறைக்குள் விழுந்தது. முழக்கோலார் கொஞ்ச நேரம் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய இரண்டு கைக்கு அந்த இடம் பெரிது. சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் கோலைக் கீழே வைத்தார். உறையைக் கம்பத்தில் மாட்டினார். உள்ளே வந்து முதல் கதிரைத் தொட்டார்.

"இவ்வளவு சொரசொரப்பா இருக்கும்னு நினைக்கல," என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா என்னத்த அளந்தீங்களோ போங்க," என்றாள் அவள். ஆனால் குரலில் காரம் இல்லை.

உறை நிறைந்தது. வாயைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சமன் நாளுக்குப் பந்தல், நாற்காலிகள், ரிப்பன் எல்லாம் வந்தன. லாயக்காரர் தம்மால் ஆனதைச் செய்தார். குதிரைகளிலேயே கிழடான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலையிலிருந்து அதற்கு மட்டும் வயிறு முட்டத் தீனி வைத்திருந்தார். தலைவர் ரிப்பனை வெட்டினார். வேலிக் கதவு திறந்தது. கிழட்டுக் குதிரை முழங்கால் அளவு புல்லுக்குள் போய் நின்றது. ஒரு வாய் கடித்தது. போதும் என்று நினைத்ததோ என்னவோ, கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது.

கூட்டம் காத்திருந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இது சிந்திக்குது," என்று விருந்தினர்களுக்கு விளக்கினார்.

மற்ற முப்பத்தொன்பது குதிரைகள் சிந்திக்கிற நிலைமையில் இல்லை. அவை மூன்று பருவமாக வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கதவு திறந்து கிடந்தது. முதலில் ஒன்று நகர்ந்தது. பிறகு எல்லாமே நகர்ந்தன. லாயக்காரர் கையை விரித்துக் கத்திக்கொண்டே குறுக்கே ஓடினார். யார் கேட்டது? கதவு பிய்ந்தது, கம்பி அறுந்தது, கம்பங்கள் சாய்ந்தன. விருந்தினர்கள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். உண்மையிலேயே குதிரைகள் புல் மேய்ந்ததை அந்தப் பருவத்தில் அவர்கள் பார்த்தது அன்றைக்குத்தான். கால் மணி நேரம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஈரமண்ணும் குளம்படியும் சாணமும்தான் இருந்தன. எது வேலிக்கு உள், எது வெளி என்று முழக்கோலாருக்கே அடையாளம் தெரியவில்லை.

"அளவர் எங்கே? அளக்கச் சொல்லுங்க," என்றார் தலைவர்.

முழக்கோலார் கோலை நட்டார். குனிந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உள்ளே பூஜ்யம், வெளியே பூஜ்யம்," என்றார். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையமர்த்தி, "வித்தியாசம்?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். "இந்த மலையில இனிமே வித்தியாசம்ங்கற பேச்சுக்கே இடமில்லை," என்றார் தலைவர். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கோத்திருந்தது. முழக்கோலாரைத் தோளோடு சேர்த்து அணைத்து, சமன்நிலை அலுவலர் என்று அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தார். வித்தியாசம் இல்லாததால் மூட வேண்டிய அவசியமும் இல்லை. சவாரிப் பருவம் இரண்டு மாதம் நீட்டிக்கப்பட்டது. உடைந்த வேலி இனி தேவைப்படாது என்று கழித்துக்கட்டினார்கள். படிவம் ஒன்பதில் 'உள்ளே' கட்டத்தையும் 'வித்தியாசம்' கட்டத்தையும் எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் விதை இருந்தது. விதைக்க இடம் இல்லை. ஆயிரம் ஏக்கரில் எங்கே தூவினாலும் முளைத்த மறுநாள் நாற்பது வாய் அதைத் தேடி வரும். தலையணை உறையை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு இருவரும் அதைப் பார்க்காதமாதிரி நாலு நாள் நடமாடினார்கள். குழாயடியில் இருநூற்று ஆறு. ஐந்தாம் நாள் லாயக்காரர் கிழட்டுக் குதிரையின் முதுகில் எதையோ ஏற்றிக்கொண்டு வந்தார். கழித்துக்கட்டின கம்பமும் கம்பியும்.

"குப்பையில போடச் சொன்னாங்க மாப்பிள்ள. எந்தக் குப்பைன்னு சொல்லல."

அவர்கள் அந்த வேலியை ஊற்றுக்கண்ணைச் சுற்றி நட்டார்கள். ஐந்து எட்டுக்கு ஐந்து எட்டுதான் வந்தது, மீதிக் கம்பி அறுந்துபோயிருந்தது. இறுகின மண்ணைக் கடப்பாரையால் கிளறி, விதையில் பாதியைத் தூவி, மேலே காய்ந்த சருகைப் பரப்பினார்கள். மீதியை அந்த அம்மாள் எடுத்துவைத்தாள். பிறகு பனி விழுந்தது; குழாய் உறைந்து எண்ணிக்கையும் நின்றது. பனி உருகியது.

உருகி இரண்டு வாரம் கழித்து, காலையில் குழாயடியிலிருந்து அவள் கூப்பிட்டாள். முழக்கோலார் ஓடி வந்தார்.

"இருநூத்தி ஆறு," என்றாள்.

"நேத்து?"

"நேத்தும் இருநூத்தி ஆறு. போன வாரமும் அதேதான். தப்பா எண்ணிட்டேனோன்னு ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டேன்."

இருவரும் ஊற்றுக்கண்ணுக்கு ஏறிப் போனார்கள். வேலிக்குள் சருகை விலக்கிக்கொண்டு, ஊசி ஊசியாக, எண்ண முடியாத அளவுக்குப் பச்சை. முழக்கோலார் மண்டியிட்டு, கோலை எடுக்காமல் கையாலேயே தொட்டுப் பார்த்தார். இரண்டு விரற்கடை இருக்கும். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்துல தூசி," என்றாள். காற்றே இல்லை.

கடிதம் அன்றைக்கே வந்தது. மேலாளர்தான் கையெழுத்திட்டிருந்தார். சமன்நிலை அலுவலரின் கவனத்துக்கு. கீழ்ச்சரிவில் அங்கீகரிக்கப்படாத வேலி ஒன்று இருப்பதும், அதற்குள் புல் சுமார் இரண்டு விரற்கடை வளர்ந்திருப்பதும் விருந்தினர் ஒருவர் எடுத்த படத்திலிருந்து தெரியவந்துள்ளது. இதனால் இந்த மலையில் மீண்டும் வித்தியாசம் தோன்றியிருக்கிறது. வாரியம் இதை மிகக் கடுமையாகக் கருதுகிறது. மேற்படி புல்லை உடனடியாக வெட்டிச் சமன் செய்ய வேண்டியது.

முழக்கோலார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை அழவில்லை. உள்ளே போய் மேசையைத் துடைத்தார். நல்ல காகிதமாக ஒன்றைத் தேடி எடுத்தார். பேனாவை உதறினார். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உத்தரவைப் பணிவோடு பெற்றுக்கொண்டேன். எனினும் ஒரு சிறு சந்தேகம்' என்று முத்துமுத்தான எழுத்தில் ஆரம்பித்தார்.

"எதால வெட்டறதுன்னு மறுபடியும் கேக்கலாமா?" என்றார் தலை நிமிராமல்.

"அதைக் கேட்டா குதிரைய விடுன்னுடுவாங்க. குதிரைன்னே தீர்மானம் ஆனதா வெச்சுக்கிட்டு மேல கேளுங்க," என்றாள் மனைவி வாசலிலிருந்து. அவள் வாளியை மறுபடியும் குழாய்க்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஆண் குதிரையா, பெண் குதிரையா? என்ன நிறம்? வயசு எத்தனை? தலைய முதல்ல விடறதா, வால முதல்ல விடறதா? ஒண்ணு விடாம எழுதுங்க. இந்த வருஷம் முழுக்கத் தேவைப்படும்."

அவர் எழுதினார். அவள் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.